பங்காளி யார்?

கல்முனைக்குடிக் கரையில் தோணி ஒதுங்கி, மீன் விலைபோனதும் பணம் பங்கிடப்படுகின்றது. செலவு முதலிற் கழியும். பின்னர் தோணிக்கும் வலைக்கும் ஒரு பகுதி, கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு பகுதி. தோணி முதலாளிக்கு அதிகம் போகின்றதென்ற முணுமுணுப்பு அங்கே என்றும் உண்டு. அது நியாயமான முணுமுணுப்பே. ஆயினும் யார் பங்காளி, அவர் எதனைக் கொண்டுவந்தார், மீன் படாத நாளில் எவருக்கு எவ்வளவு இழப்பு என்பன மணலில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

அத்தோணிகளை அலைக்கழிக்கும் சோளகமும் வாடையும் இன்று மின்சாரமாகவும் மாற்றப்படுகின்றன. அந்தத் தொழிலில் பங்காளி யார் என்று கேட்டால் விடை இத்தனை எளிதிற் கிட்டுவதில்லை.

காற்றாலை ஒன்றில் ஒரு கொம்பனிக்கு 51 வீதம், வெளி முதலீட்டாளருக்கு 49 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிவைக்கும் அதிகாரம் முன்னதன் கையில் இருக்குமாயின், இன்றைய சர்வதேசக் கணக்கீட்டு விதிப்படி அது காற்றாலையின் சொத்து முழுவதையும், கடன் முழுவதையும் தன் ஏட்டில் எழுதும். மற்றவரின் உரிமை ‘கட்டுப்பாடில்லாதோர் பங்கு’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அதிகாரம் இல்லை, செல்வாக்கு மாத்திரமே உண்டெனில் அதே காற்றாலை முழுவதும் மறைந்து, முதலீடு என்ற ஒற்றை வரியாகச் சுருங்கும். ஆக, ஏடு முதலில் தேடுவது உடைமையை அன்று, அதிகாரத்தையே. மார்க்சியம் கற்றோர் இதனைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

வியப்புக்குரியது அமெரிக்காவில் வளர்ந்த முறை. அங்கே 1992ஆம் ஆண்டுச் சட்டம் காற்று மின்சாரத்துக்கு, உற்பத்தியாகும் அலகுக்கு இவ்வளவு என வரிச் சலுகை வழங்கிற்று. (2025ஆம் ஆண்டின் சட்டமொன்று அதற்கு முடிவுகட்டத் தொடங்கியுள்ளது.) காற்றாலை கட்டுவோர் பலருக்கு அச்சலுகையை அனுபவிக்கப் போதிய வரிச்சுமையே இல்லை. வரிச்சுமை மிகுந்த வங்கிகள் பங்காளிகளாக அழைக்கப்பட்டன. பெரும்பாலான உடன்படிக்கைகளில் வரிச் சலுகையின் 99 வீதம் முதலில் வங்கிக்கே; பேசிய வருவாய் கைக்கு வந்ததும் வங்கியின் பங்கு 5 வீதம் அளவுக்கு இறங்கிவிடும். காலந்தோறும் நிறம் மாறும் இத்தகைய பங்கை நூற்றுவீதத்தால் அளக்க முடியாதல்லவா? ஆகவே கணக்காளர் ஒரு கற்பனை செய்கின்றனர்: ‘இன்றைக்கே கொம்பனியைக் கலைத்து, ஏட்டு மதிப்பிற்கு விற்றால் யாருக்கு எவ்வளவு கிட்டும்?’ அந்தத் தொகை ஆண்டுக்காண்டு மாறும் அளவே அவரவர் இலாபமும் நட்டமும்.

ஓர் எண்ணுதாரணம் கொள்வோம். இருவரும் ஐம்பது ஐம்பதாக நூறு இட்டனர். முதலாண்டு நட்டம் 5, மீதி 95. வங்கி தன் வரியிற் பெருந்தொகையை மிச்சம்பிடித்துவிட்டதனால், கலைத்தால் அதற்குரியது 30 ஆக இறங்கிவிட்டது. எஞ்சிய 65 கட்டியவருக்கு. அதாவது காற்றாலை நட்டப்பட்ட ஆண்டில், கட்டியவரின் ஏட்டில் 15 இலாபம்! வங்கியின் பெயரில் 20 நட்டம் எழுதப்படும்; வங்கியோ உள்ளூரச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இங்கே பொய் எதுவும் எழுதப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கு ஏடு சரியான விடையையே தருகின்றது. அந்தக் கேள்வியைத் தேர்ந்தவர் யார் என்பதே நமது விசாரணை. எங்கள் ஊரில் சிறு கடைக்காரருக்கும் தெரிந்த முழாரபா முறையில், ஒருவர் முதலிடுவார், மற்றவர் உழைப்பார்; இலாபம் பேசிய விகிதத்தில், நட்டம் முதலிட்டவருக்கு; உழைத்தவர் இழப்பது தன் உழைப்பை. இத்தனை தொகை நிச்சயம் என்று முதலாளிக்கு வாக்களிப்பது அங்கே விலக்கப்பட்டுள்ளது. அம்முறையும் நடைமுறையில் வளைக்கப்படுவதுண்டு; வளைத்தவர்களை நாமும் அறிவோம். எனினும் பங்காளி என்பவன் ஆபத்தைச் சுமப்பவன் என்ற அளவுகோலையாவது அது விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் வேறொரு வகைப் பங்காளி தோன்றியுள்ளார். 2005ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளின்படி, ஒரு மின்நிலையத்தின் 26 வீதப் பங்கையேனும் வைத்திருந்து, அதன் மின்சாரத்தில் 51 வீதத்தையேனும் பயன்படுத்துவோர் அதனைச் ‘சொந்த மின்நிலையம்’ எனலாம். மேல்வரி சிலவற்றினின்றும் தப்பலாம். ஆலைகள் சொற்ப விலைக்குப் பங்கு வாங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுகள் பெருகின. உடைமையாளர் என்று பெயர். வாடிக்கையாளர் என்பதே உண்மை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்கு 44 கோடி டொலருக்கு மேல் முதலிட முன்வந்த அதானி நிறுவனம், அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையைப் புதிய அரசு குறைக்க முற்பட்டபோது, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்நிய மூலதனம் போயிற்று என்று நம்மவர் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள், வேறு காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் நின்றனர். வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பாடு குறைகின்றது என்பன அவர்களது முறைப்பாடுகள்.

அத்தீவிலே ‘தம்பபவனி’ முன்னரே சுழன்றுகொண்டிருக்கின்றது: 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற்று, ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர்க் கடனுடன் இலங்கை மின்சார சபை கட்டியது. வெளிப் பங்காளி எவருமில்லை. கடன் கடன் என்றே எழுதப்பட்டது. நாம் கோரும் பொதுவுடைமை இதுவே. அவ்வேட்டிலும் பேசாலைக் கடற்றொழிலாளிக்குப் பங்காளி என்றொரு வரி இல்லை என்பதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று எவருக்கும் சொந்தமன்று, ஆகவே அதற்குப் பங்கு எழுத இடமில்லை என்று கணக்காளர் கூறுவர். அரசுடைமை என்ற சொல்லோடு நிறைவடைந்துவிடும் நாமும், அவர் கூறுவதையே வேறு சொற்களிற் கூறிவந்திருக்கின்றோம் அல்லவா?

உயர்தர வகுப்பிற் கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியர்கள், இலங்கையில் இன்றும் செல்லும் 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பங்குடைமைச் சட்டத்தை மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கின்றனர்: உடன்படிக்கை ஏதும் இல்லையாயின், முதல் எத்தனை ஏற்றத்தாழ்வாயினும் இலாபமும் நட்டமும் சமம். மாணவர்கள் அதனைப் பரீட்சைக்கு மனனஞ் செய்கின்றனர். மன்னார்த் தீவாரோடு எவரும் உடன்படிக்கை செய்யவில்லை. அவர்களைப் பங்காளிகளாகக் கொண்டு ஒரு பங்குடைமைக் கணக்கை அம்மாணவர் கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும். எந்த வரி முதலில் தடுமாறுகின்றதென்று நாமும் உடனிருந்து பார்க்கலாம்.