கூரை இல்லாத கூடம்

இருக்கும் கட்டடங்களைக் கொண்டு இல்லாத ஊரைக் கட்டுவது பதினெட்டாம் நூற்றாண்டு உரோமில் ஒரு தொழில். ஜொவானி பவ்லோ பனினியின் படங்களில் கொலோசியமும் பாந்தியனும் டிராஜன் தூணும் ஒரே வெளியில் அருகருகே நிற்கும். ஊர் பார்க்க வந்த செல்வந்தர்கள் மொத்த உரோமையும் ஒரு சட்டத்துக்குள் அடக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கப்ரிச்சோ என்பது இவ்வகைப் படங்களுக்குப் பெயர்.

*

இவ்வகைப் படங்களில் நான் நெடுநேரம் தங்கிவிடுவது ஓவியர் உபேர் ரொபேரிடம். 1754இல் பாரிஸிலிருந்து உரோமுக்குப் போனவர் பதினோரு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பனினியிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டவர்தான். ஆனாலும் இவருடைய இடிபாடுகளில் ஈரம் உண்டு. உடைந்த வளைவுக்குக் கீழே பெண்கள் துணி துவைக்கிறார்கள். தூண்களுக்கிடையே கொடி கட்டிக் காயப்போடுகிறார்கள். பேரரசு போன இடத்தில் அன்றாட வேலை தடையில்லாமல் நடக்கிறது.

*

1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அவரைச் சிறையில் வைத்தது. உள்ளேயும் வரைந்தார், சாப்பாட்டுத் தட்டுகளின் மேல்கூட. மறு ஆண்டு விடுதலை. பிறகு லூவ்ரு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரானார்.

*

லூவ்ருவின் பெருங்கூடத்தை 1796இல் அவர் இரண்டு விதமாக வரைந்தார். முதலாவது, கூடம் எப்படி அமையலாம் என்ற திட்டம்: வளைகூரையில் கண்ணாடித் திறப்புகள் வைத்து வெளிச்சத்தை மேலிருந்து இறக்குகிறார். இரண்டாவது படத்தில் அதே கூடம் இடிந்து கிடக்கிறது. கூரை சரிந்து வானம் தெரிகிறது. இரண்டிலும் ஒளி வரும் திசை ஒன்றே.

இதைக் கவனித்த பிறகு, இரண்டாவது படத்தை அழிவைப் பற்றிய எச்சரிக்கையாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கூடத்துக்கு என்ன செய்யலாம் என்று ஓயாமல் யோசித்தவர், ஒரு நாள் கூரை முழுவதையும் எடுத்துவிட்டுப் பார்க்கிறார். எவ்வளவு வெளிச்சம் வரும்? கல் என்ன நிறம் கொள்ளும்? பராமரிக்கிறவருக்கே வரக்கூடிய கேள்விகள் இவை. வெறுப்பவன் இடித்துவிட்டுப் போய்விடுவான். இப்படி நின்று பார்க்க மாட்டான்.

*

இடிந்த கூடத்தின் படத்தில் மிக்கேலாஞ்சலோவின் அடிமைச் சிலை தரையில் கிடக்கிறது. பெல்வெதேர் அப்பொல்லோ சிலை விழாமல் நிற்கிறது. அதைப் பார்த்து ஒருவன் வரைந்துகொண்டிருக்கிறான்.

உண்மையில் அந்த அப்பொல்லோ அப்போது உரோமில் இருந்தது. நெப்போலியனின் படை இத்தாலியிலிருந்து கவர்ந்த கலைச்செல்வங்களோடு 1798இல்தான் பாரிஸ் வந்தது. வென்றவர்கள் சிலையைக் கொண்டுவந்து சேர்க்கும் முன்பே, அதை வைக்கப்போகும் மாளிகையை ரொபேர் இடித்துக் காட்டிவிட்டார். திட்டமிட்டுச் செய்தாரா, கை போன போக்கா? திட்டமிட்டே என்று நம்ப விரும்புகிறேன்.

1815இல் அப்பொல்லோ உரோமுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பெருங்கூடத்தில் இன்று வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாகவே இறங்குகிறது. ரொபேர் 1808இல் இறந்துவிட்டார். படங்கள் இரண்டும் லூவ்ருவின் சேகரிப்பில் உள்ளன.