இராயப்பர் நீரில் குதித்த காலை

சென்னைக்குத் துறைமுகம் வாய்க்காத காலத்தில், தூரத்தே நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளில் மனிதரையும் சரக்கையும் சுமந்து அலை கடந்த கிறிஸ்தவப் படகோட்டிகள், தம்மைப்போலவே நீரை நம்பி வாழ்ந்த, இயேசுவின் சீடரான இராயப்பருக்கு (பேதுருவுக்கு) ஆலயம் எழுப்பினார்கள்; ராயபுரம் என்ற பெயரும் அவருடையதே.

உயிர்ப்புத் திருநாளன்று என் சிந்தை இராயப்பரிடமே செல்கிறது. கல்லறை வெறுமையாயிருப்பதாக ஸ்திரீகள் உரைத்ததைப் பிதற்றலென்று சீடர்கள் அலட்சியம் செய்தபோதும் எழுந்து ஓடிய அவர், உயிர்த்தவரைத் தரிசித்த பின்னரும் வலையைத் தேடிப் போனதாக அருளப்பர் சுவிசேஷம் கூறுகிறது. அவிசுவாசம் என்பர் சிலர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விடியற்காலை நின்றவர் அவ்வாறு சொல்லத் துணியார். பிழைப்பு காத்திருப்பதில்லை.

இரவு முழுதும் வெறும் வலையை இழுத்துக் களைத்தபின், வைகறையில் வலை கொள்ளாத மீன்கள், பிற்பாடு எண்ணியபோது 153, சிக்கிய அக்கணத்தில், கரையில் நிற்பவர் உயிர்த்த இயேசுவே என்று கேட்டறிந்ததும், இராயப்பர் மேலாடையை இறுகக் கட்டிக்கொண்டு, படகையும் தோழரையும் விட்டுவிட்டு நீரில் குதித்தார். கரையில் கரிநெருப்பின்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது.