புள்ளிக் கணக்கு

2024 மே 26. கோலாலம்பூரில் மலேசியா மாஸ்டர்ஸ் பேட்மிண்டன் இறுதியாட்டம். மூன்றாவது செட்டில் பி.வி. சிந்து 11-3 என்று முன்னால் இருக்கிறார். எதிரே சீனாவின் வாங் ஜியி. ஒருவர் பதினொன்றைத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை. கடைசி செட் என்பதால் இருவரும் பக்கமும் மாற வேண்டும். மாறினார்கள். அதற்குப் பிறகு வாங் 18 புள்ளி எடுத்தார், சிந்து 5 எடுத்தார். 21-16, 5-21, 16-21 என்று ஆட்டம் முடிந்தது. 2022 ஜூலையில் சிங்கப்பூரில் இதே வாங் ஜியியை வீழ்த்திக் கோப்பை வாங்கியவர் சிந்து. அடுத்த மாதம் வாங்கிய காமன்வெல்த் தங்கத்தை விட்டால், அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் கோப்பையே இல்லை. கைக்கு எட்டியது அன்று வாய்க்கு எட்டவில்லை.

காரைக்குடியில் பொழுது சாய்ந்தால் காலி மனைகளில் டியூப் லைட்டைக் கட்டி, நெட்டை இழுத்து, ஷட்டில் ஆடுகிறார்கள். ஆடி முடித்து வேர்வையோடு டீக்கடைக்கு வருகிறவர்கள் பேசுவதெல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான். "சிந்து கதை முடிஞ்சுபோச்சு." "விளம்பரத்துல நடிச்சுக்கிட்டே இருந்தா எப்படி ஜெயிக்கிறது?" "மரியாதையா ஓய்வு வாங்கிட்டுப் போகலாம்ல." 2019 ஆகஸ்ட் 25 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்று சுருட்டி உலகச் சாம்பியன் ஆனபோது "நம்ம பொண்ணு" என்று சொன்ன ஊர்தான் இதுவும். இந்தியா முழுக்க அப்படித்தான் சொன்னது, இப்போது இப்படித்தான் சொல்கிறது. ஒருவர் வெல்லும்வரை கொடுத்த ஆதரவை அவர் தோற்கும்போது எடுத்துக்கொள்வது சரியா? பொழுதுபோக்கில் போய் என்ன அறம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு மனிதரை எதைக் கொண்டு மதிக்கிறோம் என்பது இதில் தெரிந்துபோகிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்க முடியாது. ஏறியதும் இறங்கியதும் இந்த மண்ணுக்குப் பழக்கம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் அங்கே தேக்கு வாங்கினார்கள், இங்கே தூண் நிறுத்தினார்கள். 1930-இல் நெல் விலை விழுந்தது. கொடுத்த கடனுக்குப் பணம் வராமல் நிலம் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் நிலத்தையும் விட்டுவிட்டு, பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். கானாடுகாத்தான் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அந்த வரலாறும் சேர்ந்து கிடக்கிறது. 'மஞ்சக் கடுதாசி' என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நொடித்துப்போன மனிதரைக் கல்யாண வீட்டில் எப்படி வரவேற்பது, பந்தியில் எங்கே உட்கார வைப்பது என்பது இந்த ஊர்கள் உண்மையாகவே சந்தித்த கேள்வி. நன்றாக நடந்துகொண்ட குடும்பங்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்ட குடும்பங்களும் உண்டு.

செட்டிநாட்டு நகரத்தாரிடம் 'புள்ளி' என்று ஒரு கணக்கு இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணமானால் அந்தக் குடும்பம் தன் கோயிலில் ஒரு புள்ளி. கோடி வைத்திருப்பவரும் ஒரு புள்ளி, கடையை மூடிவிட்டு வந்தவரும் ஒரு புள்ளி. சொத்தைப் பார்த்து வாங்கும் வரி வேறு, புள்ளிக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி வேறு. பணம் போனால் முதல் வரி குறையும்; புள்ளி குறையாது. பெண்ணைத் தனிப் புள்ளியாக எண்ணாத கணக்கு அது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குப் பிள்ளைகளின் ஊர், மனிதரை எண்ணுவதற்கு ஒரு பேரேடும் பணத்தை எண்ணுவதற்கு இன்னொரு பேரேடும் வைத்திருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ரசிகர்கள் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ரசிகர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 'நாங்கள் பார்த்தோம், கை தட்டினோம், அதனால்தான் விளம்பரம் வந்தது. அரசாங்கம் கொடுத்ததும் எங்கள் வரிப்பணம். கணக்குக் கேட்கக் கூடாதா?' பாரிஸ் ஒலிம்பிக் சுற்றுக்கு இந்திய அரசு பேட்மிண்டனுக்குச் செலவழித்தது 72 கோடி ரூபாய். சிந்துவின் பயிற்சிக்கு மட்டும் சுமார் 3 கோடி. பதக்கம் ஒன்றும் வரவில்லை. 2012 லண்டனில் சாய்னா நேவால் வெண்கலம் வாங்கியதிலிருந்து பேட்மிண்டனில் பதக்கமில்லாமல் திரும்பிய முதல் ஒலிம்பிக் அது. லக்ஷ்யா சென் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் தோற்றதும் அவருடைய வழிகாட்டி பிரகாஷ் படுகோனே வெளிப்படையாகவே பேசினார்: வசதி எல்லாம் கிடைக்கிறது, இனி ஆடுகிறவர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று. இரட்டையர் ஆட்டக்காரர் அஸ்வினி பொன்னப்பா அதற்கு மறுப்புச் சொன்னார்: ஜெயித்தால் பெயர் வாங்கப் பலர் வருகிறார்கள், தோற்றால் மட்டும் ஆடியவர் தலையில் போடுகிறார்கள், பயிற்சியாளர்களுக்குப் பொறுப்பில்லையா என்று.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பிரகாஷ் 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர்; ஆடுகளத்தில் நின்ற கால் அது. அவர் பேசியது தொழில் தெரிந்தவர் தொழில்காரரிடம் கேட்கும் கேள்வி. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை, கடமையும்கூட. ஆனால் அந்த 3 கோடி எதற்குக் கொடுத்தது? பயிற்சிக்கும் பயணத்துக்கும் உடன் வருகிற ஆட்களுக்கும். செலவு முறையாக நடந்ததா, பயிற்சி சரியாக இருந்ததா, தேர்வு நேர்மையாக நடந்ததா என்று கேட்கலாம். அதற்குச் சங்கம் இருக்கிறது, விளையாட்டு ஆணையம் இருக்கிறது. பதக்கத்தை அந்தப் பணத்துக்கு யாரும் கிரயம் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் அது விளையாட்டே இல்லை. கணக்குக் கேட்பதும் வசை பாடுவதும் ஒன்றாகாது. வங்கியில் கடன் வாங்கியவரிடம்கூட நோட்டீஸ் கொடுத்துத்தான் கேட்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று திட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

கணக்குக் கேட்கிறவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் காலிறுதியின்போதே சிந்துவுக்கு இடது கணுக்காலில் வலி வந்தது. அந்தக் காலோடு அரையிறுதியும் இறுதியும் ஆடித் தங்கம் வாங்கினார். அது எலும்பு முறிவு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வருடத்தின் மீதிப் போட்டிகள் எல்லாம் போயின. நெட்டுக்கு அருகே விழும் பந்தை எடுக்க, வலது கையால் ஆடுகிறவர் இடது காலால் உந்தி வலது காலை நீட்டி, அடித்த மறுநொடி பின்னால் ஓட வேண்டும். ஒரு ஆட்டத்தில் இதைப் பல தடவை செய்ய வேண்டியிருக்கும். 179 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் கணுக்கால் ஒருமுறை முறிந்து சேர்ந்தபின், கால் ஆறிவிடும்; அந்தக் காலை நம்பிப் பாயும் துணிச்சல் ஆறுவதற்கு இன்னும் நாளாகும். 2023 அக்டோபரில் பிரெஞ்சு ஓபனில் முழங்காலில் அடி. மறுபடியும் சில மாதம் ஓய்வு.

இதோடு தரவரிசை என்று ஒரு சுழல் இருக்கிறது. கடந்த 52 வாரத்தில் சிறப்பாக ஆடிய பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் இடம் தருகிறார்கள். ஆடாத மாதங்களில் பழைய புள்ளிகள் கழிந்துகொண்டே போகும். 32 பேர் ஆடும் போட்டியில் முதல் எட்டுப் பேரை ஒருவரோடு ஒருவர் சீக்கிரம் மோதாமல் பிரித்து வைப்பார்கள். அந்த எட்டுக்குள் இல்லாதவர் முதல் சுற்றிலேயே உலகின் முன்னணி வீராங்கனையிடம் மாட்டலாம். எட்டுக்குள் இருந்தாலும் முதல் சுற்று எளிதாக அமையும் என்பதில்லை: 2023 ஜனவரியில் ஐந்து மாதம் கழித்துத் திரும்பிய சிந்துவுக்கு மலேசிய ஓபன் முதல் சுற்றில் வாய்த்தவர் ஸ்பெயினின் கரோலினா மரின். ரியோ ஒலிம்பிக் இறுதியில் அவரைத் தோற்கடித்த அதே மரின். முதல் சுற்றில் தோற்றால் புள்ளி குறைவாகத்தான் கிடைக்கும். புள்ளி குறைந்தால் அடுத்த போட்டியிலும் இதே கதை. அந்த ஜூலையில் சிந்து 17-ஆம் இடத்துக்கு இறங்கினார். 'மறுபடியும் முதல் சுற்றிலேயே தோல்வி' என்ற தலைப்பைப் படிக்கிறவருக்கு எதிரே நின்றது யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

வென்றால்தான் ஆதரவு என்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 2. அதே பாரிஸ் நகரம், பாராலிம்பிக். காஞ்சிபுரத்து துளசிமதி முருகேசன் பேட்மிண்டனில் வெள்ளி. திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ் அதே பிரிவில் வெண்கலம். ஓசூர் நித்யஸ்ரீ சிவன் வேறொரு பிரிவில் வெண்கலம். மூன்றும் தமிழ்நாட்டுப் பதக்கங்கள். வெற்றிக்குத்தான் ஆதரவு என்பது உண்மையானால் அன்றைக்கு இந்த ஊரில் வெடி வெடித்திருக்க வேண்டும். பெரும்பாலான டீக்கடைகளில் அந்தப் பெயர்களைக்கூடச் சொல்லிப் பழகவில்லை. ஆகவே வெற்றிக்குத்தான் மதிப்பு என்ற வாதமும் நேர்மையாகச் சொல்லப்படுவதில்லை. கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்பதற்கு அது ஒரு பேர்.

எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆபத்து இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றியின் பெயரால், ஆட முடியாதவரையும் ஆட வைத்துக்கொண்டே இருப்பது ஆதரவாகாது. இளையவர்களின் இடம் பறிபோகும். 2024 பிப்ரவரியில் ஆசிய அணிகள் போட்டியில் இந்தியப் பெண்கள் முதன்முறையாகத் தங்கம் வென்றார்கள். சிந்து காயத்திலிருந்து திரும்பி அந்த அணியில் ஆடினார். இறுதியில் தாய்லாந்தோடு இரண்டுக்கு இரண்டு என்று வந்தபோது கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர் 17 வயது அன்மோல் கர்ப். உலக வரிசையில் 472-ஆம் இடத்தில் இருந்த பிள்ளை. தரத்தைப் பார்த்து இடம் கொடுத்ததால் நடந்தது அது. எனவே அணித் தேர்வில் தயவு கூடாது; அங்கே சொத்து வரிக் கணக்குத்தான் சரி. மனிதரை நடத்தும் விதத்தில் அந்தக் கணக்குக்கு இடமில்லை.

இறங்கியவர் இறங்கியே இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. கிடாம்பி ஸ்ரீகாந்த் 2018 ஏப்ரலில் உலகின் முதலிடத்தில் இருந்தார். பிறகு சரிந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்கே போக முடியவில்லை. 2022 மே 15 அன்று பாங்காக்கில் தாமஸ் கோப்பை இறுதியில், அதை 14 முறை வென்ற இந்தோனேசியாவை இந்தியா வீழ்த்தியபோது, மூன்றாவது ஆட்டத்தில் கிறிஸ்டியைத் தோற்கடித்து முடித்து வைத்தவர் அவர்தான். திரும்பி வருவார் என்பதற்காக ஆதரிக்க வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் வட்டிக் கணக்காகிவிடும். வராமலும் போகலாம். 'முடிஞ்சுபோச்சு' என்று சொல்லும் அறிவு நம்மிடம் இல்லை என்பதுதான் விஷயம்.

எதிராளிகளே ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் சீனாவின் ஹே பிங்ஜியாவை வென்று சிந்து வெண்கலம் வாங்கினார். சரியாக மூன்று வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 1 அன்று, பாரிஸில் அதே ஹே பிங்ஜியாவிடம் 19-21, 14-21 என்று தோற்று வெளியேறினார். அதற்கடுத்த சில நாளில் அரையிறுதியில் ஹே பிங்ஜியாவோடு மோதினார் மரின். முதல் செட்டை மரின் ஜெயித்துவிட்டார். இரண்டாவதிலும் முன்னால் இருந்தார். அந்த நிலையில் அவர் முழங்கால் மடங்கியது. எழுந்து ஆட முயன்று, முடியாமல் அழுதுகொண்டே வெளியேறினார். ஹே பிங்ஜியா இறுதிக்குப் போய் வெள்ளி வாங்கினார். பதக்க மேடையில் நின்றபோது அவர் கையில் ஸ்பெயின் ஒலிம்பிக் சங்கத்தின் சின்னம் பொறித்த ஒரு சின்ன பேட்ஜ் இருந்தது. எல்லாரும் பார்க்கும்படி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரினின் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடது கையால் அடித்துத் தோற்கடிக்க வேண்டியவரை மனிதராக எண்ணும் பேரேடு அவரிடம் தனியாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு அது இல்லாமல் போவதற்கு நியாயமே கிடையாது.

ஒரு ரசிகர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போகலாம். வேறொருவரை விரும்பலாம். நெட்டில் தடுமாறுகிறார், முன்னிலையைக் காக்கத் தெரியவில்லை என்று ஆட்டத்தைக் குறை சொல்லலாம். 11-3-லிருந்து தோற்றதை நன்றாக ஆடினார் என்று பூசி மெழுகுவதும் மரியாதையாகாது. இவை எதிலும் தவறில்லை. கல்யாணத்தையும் விளம்பரத்தையும் உடம்பையும் இழுத்துப் பேசுவது தவறு. ஓய்வு பெறச் சொல்லுவதும் தவறு. எட்டு வயதிலிருந்து அந்த மட்டையைப் பிடித்தவர் அதை எப்போது கீழே வைப்பது என்பது அவர் ஒருவர் முடிவு. 2024 டிசம்பர் 1 அன்று லக்னோவில் சையது மோடி கோப்பையை சிந்து வென்றார். அதன் பிறகும் முதல் சுற்றுத் தோல்விகள் வந்தன. வென்ற அன்றும் தோற்ற அன்றும் விடிகாலையில் எழுந்து பயிற்சிக்குப் போனவர் ஒரே ஆள்தான்.

காரைக்குடியில் நெட் கட்டி ஆடுகிற பிள்ளைகள் நாளைக்கு மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். பாதிப்பேர் முதல் சுற்றிலேயே தோற்று, பேட்டை முதுகில் மாட்டிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவார்கள். வாசலில் நிற்கும் பெரியவர்களே, 'எத்தனைக்கு எத்தனை' என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் 'சாப்பிட்டியா' என்று கேளுங்கள்.