பொதியிலும் போதலகமும்

பொருநை பிறக்கும் பொதியில்மலை அகத்திய முனிவரது உறைவிடம் என்பது சைவ நன்மக்கள் தொன்றுதொட்டுக் கொண்ட துணிபு. மலைச்சாரலிலுள்ள பாபநாசத்தே பாபநாசநாதரையும் உலகம்மையையும் வழிபட்டு, அம்மலை நோக்கிக் கைகூப்புவோர் இன்றும் உளர். அவலோகிதேசுவரர் உறைவதாகப் பௌத்தர் போற்றும் போதலகம் இம்மலையே என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். திபெத்து நாட்டு லாசா நகரின் போதல மாளிகை அப்போதலகத்தின் பெயர் பூண்டதே. ஆதலின், பௌத்த யாத்திரிகன் ஒருவன் பாபநாசம் போந்து இம்மலையைத் தன் தலமெனத் தொழுவானாயின், அருகு நிற்கும் சைவன் செய்யத்தக்கது யாது?

11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்தே என்றார். சைவரோ சிவபெருமானிடத்தே என்பர். 7ஆம் நூற்றாண்டில் பாரதம் போந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மலயத்தை அடுத்தது போதலகம் என்றும், அதன் அடியில் நின்று வேண்டுவோர்க்கு அவலோகிதேசுவரர் மகேசுவரராகவும் நீறு பூசிய பாசுபதராகவும் தோன்றுவர் என்றும் எழுதினார். இதுகொண்டு, பௌத்தர் கண்டது சிவனையே எனச் சைவர் மகிழலாம். சைவர் கண்டது போதிசத்துவரையே எனப் பௌத்தரும் மகிழலாம். வழக்கு இதனால் தீராது.

இனி, எல்லாம் ஒன்றே என நாவளவிற் கூறிக் கலத்தலும் முறையன்று. ஆன்மா இல்லை, யாவும் கணந்தோறும் அழிவன என்னும் கொள்கையைச் சைவன் ஏலான். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்துள் பௌத்தர் நால்வகையினரையும் மறுத்தமை அறிக. ஆயினும் கொள்கையை மறுத்தல் வேறு. கும்பிடுவானை இகழ்தல் வேறு.

சாக்கிய நாயனார் பௌத்த வேடம் நீங்காமலே நாடோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்தார். பெருமான் அதனை அன்பின் வழிபாடாக ஏற்றருளினார். அவர் சிவனையே நினைந்தார், இவ்யாத்திரிகனோ நினையாதவன் எனின், உண்மையே. ஆனால் அந்நாயனாரை வழியிற் கண்டோர், புறச்சமயி ஒருவன் சிவலிங்கத்தை அவமதிக்கின்றான் என்றன்றோ எண்ணியிருப்பர்? பிறர் உள்ளம் அளக்குங் கோல் மாந்தர் கையில் இல்லை.

அன்றியும், மலை எமது என்னும் சொல்லே ஆராயத்தக்கது. யான் எனது என்னும் செருக்குப் பாசத்தின் செயல் என்பது சித்தாந்தம். இறைவன் உடையான், உயிர் அவனுக்கு உடைமை. தானே உடைமையாகிய உயிர்க்கு மலை உடைமையாதல் எங்ஙனம்?

ஆகவே, அச்சைவன் யாத்திரிகனுக்குப் பொருநைப் படித்துறையைக் காட்டி வழிவிடுக. தான் நீறணிந்து ஐந்தெழுத்தோதித் தன் வழிபாட்டினின்றும் வழுவாதிருக்க. வாதம் வேண்டுமாயின், அதற்குக் கற்றோர் அவை உண்டு.