ஒன்றுக்குள் ஒன்று

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஆனி, ஆடி மாதங்களில் உறவினர்களுக்குப் பஞ்சமே இராது. வருஷத்தின் மற்றப் பத்து மாதங்களிலும் தொலைபேசியில்கூட நலம் விசாரிக்காதவர்கள், ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து சாரலைத் தெளிக்க ஆரம்பித்ததும், "குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?" என்று பரிவோடு கேட்பார்கள். "விழுகிறது" என்று சொன்னால் மறுநாளே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடுவார்கள். "விழவில்லை" என்று பொய் சொல்லவும் வழியில்லை. அதற்குள் பேரருவியின் படத்தைப் பத்திரிகைக்காரர்கள் போட்டுவிடுகிறார்கள்.

வருவது பற்றி எனக்கு வருத்தமில்லை. இடம்தான் சங்கடம். என் வீட்டு முன்னறை 10 அடிக்கு 11 அடி. ஜன்னலோரமாக அத்தையின் கட்டில். எதிரே இரண்டு பிரம்பு நாற்காலிகள். மூலையில் தொலைக்காட்சிப் பெட்டி. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தால் தம்ளரை வைக்க இடமிராது. தரையில் வைத்தாலோ, குழந்தைகளின் கால்கள் அதைத் தேடிக்கொண்டு வரும். இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் சென்ற வருஷம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று இரும்பு மேஜைகள் செய்யச் சொன்னேன். மேஜைகள் காப்பித் தம்ளரின் கவலையைத் தீர்த்துவிட்டன. ஆனால் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டன. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ஒன்றுக்குள் ஒன்றை அடக்குவது நமக்குப் புதிய வித்தை அல்ல. கல்யாணச் சீரில் வைக்கும் அடுக்கை யார்தான் பார்த்ததில்லை? பித்தளை அடுக்கு பிற்காலத்தில் எவர்சில்வர் அடுக்காயிற்று, தத்துவம் மாறவில்லை. மேஜையில் இந்த உபாயத்தை வெள்ளைக்காரர்களும் வெகுநாளாக அறிந்திருந்தார்கள். 1803இல் தாமஸ் ஷெரட்டன் என்ற ஆங்கிலேயர் மரச்சாமான்களுக்காகவே ஓர் அகராதி வெளியிட்டார். நான்கு மேஜைகள் ஒன்றினுள் ஒன்று நுழையும் தொகுதிக்கு அதில் 'குவார்டெட்டோ' என்று சங்கீதப் பெயர் சூட்டியிருக்கிறார். பிறகு 1925-26 வாக்கில், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் இருந்த மார்செல் பிராயர், எஃகுக் குழாயை வளைத்து இதே காரியத்தைச் செய்தார். ஸ்டூலாகவும் சிறுமேஜையாகவும் பயன்படும் அவை பல அளவுகளில் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும். தம் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துத்தான் குழாயில் சாமான் செய்யும் யோசனை அவருக்கு உதித்ததாகச் சொல்வார்கள்.

மரத்தை விட்டு இரும்புக்கு ஏன் போக வேண்டும்? என் பட்டறைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரிய மேஜை 20 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் செய்தால் காலுக்கு ஒன்றரை அங்குலமாவது கனம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 3 அங்குலம் போயிற்று. உரசாமல் நுழைய அரை அங்குலம். ஆகவே இரண்டாவது மேஜை பதினாறரை; மூன்றாவது 13. அதில் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தம்ளருக்கு இடமில்லை. முக்கால் அங்குலக் குழாயில் செய்தாலோ 20, 18, 16 என்று கடைசி மேஜையும் மேஜையாகவே மிஞ்சும்.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் அவர். "முன்பக்கம் குறுக்குக் கம்பி கொடுத்தா மேஜை ஆடாது. கொடுத்தா சின்னது உள்ளே போகாது. அதனாலே பெரிசுக்கு முன்னாலே தொறந்துதான் விடணும். அந்தப் பலத்தை மத்த மூணு பக்கத்துலேதான் தேடிக்கணும்."

அப்போது அதை ஒரு தொழிற்சங்கதியாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மேஜைகள் வந்து சேர்ந்தன. சாம்பல் நிற வர்ணம். காலுக்கு ரப்பர்க் குப்பி. ஈரத் துணியால் தரையைத் துடைக்கும் வீட்டில் இரும்பு முதலில் துருப்பிடிப்பது காலில்தான் என்பதால், குப்பியை மாதம் ஒருமுறை கழற்றி உலர்த்தும்படி அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு வாரத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். பெரிய மேஜை வைத்த இடத்திலேயே இருந்தது. நடு மேஜை எப்போதாவது வெளியே வந்தது. சின்ன மேஜை மட்டும் உள்ளே போகவே இல்லை. அது அத்தையின் கட்டிலோரம் போய் நின்றுகொண்டது. அதன் மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு, இரத்த அழுத்தத்துக்கு இரவில் போடும் மாத்திரை. அத்தை என் அப்பாவின் அக்கா. இருபத்தாறு வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், என்னை வளர்த்தவள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் 'என்னுடையது' என்று அவள் கை வைத்துச் சொன்ன சாமான் அந்த 16 அங்குலத் தகடு ஒன்றுதான்.

ஆடி பிறந்தது. என் மைத்துனன் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்தான். பெரியவர்களும் குழந்தைகளுமாக ஏழு பேர். இரவு ஒன்பது மணி. வெளியே சாரல், உள்ளே ஒரே கலகலப்பு. தட்டு வைக்க மேஜை போதவில்லை. அத்தையின் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுச் சின்ன மேஜையை எடுத்து வந்தேன். நானேதான் எடுத்தேன், மனைவி மேல் பழி போட வழியில்லை. அத்தை கட்டிலையும் மைத்துனனின் மாமியாருக்கு விட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். "எனக்கென்ன, எங்கன கெடந்தாலும் தூக்கம் வரும்" என்று சிரித்தாள்.

மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு மெய்யான மரியாதையோடு சொன்னான்: "அத்தான், உங்க அத்தையும் இந்த மேஜை மாதிரிதான். இருக்கிற இடமே தெரியறதில்லை!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடியுமுன் எல்லோரையும் பேரருவிக்கு அழைத்துப் போனேன். மேலே பாறையில் பொங்குமாகடல் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. உச்சியிலிருந்து வரும் வெள்ளம் முதலில் அதில் விழுந்து, தன் மூர்க்கத்தை அங்கே இழந்து, பிறகு பொங்கி வழிந்து நம் தலையில் இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவியின் கீழ் மனிதன் நின்று குளிக்க முடியாது. இதையெல்லாம் குழந்தைகளுக்கு விஸ்தாரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பினால், அத்தை கொல்லைப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால் சிராய்த்து இரத்தம். விடியற்காலையில் எழுந்து போகும்போது தலை சுற்றி விழுந்திருக்கிறாள். முந்தின இரவு மாத்திரை போடவில்லை. மாத்திரை, முன்னறை ஆணியில் மாட்டிய பையில் இருந்தது. முன்னறையில் நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். குறுக்கே வந்து கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம்.

பெரிய காயமில்லை, நான்கு நாளில் ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

விருந்தினர்கள் போன பிறகு ஒருநாள் அவளிடம் போய், "மேஜையை எடுத்தது தப்பு அத்தை" என்றேன்.

அவள் பாக்கு வெட்டுவதை நிறுத்தவில்லை. "எய்யா, மேசையை எடுத்தது ஒரு காரியமா? வந்த பிள்ளைக சாப்பிட வேண்டாமா? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்லா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓர் இரும்பு மேஜைக்கு இத்தனை விசாரமா என்று நீங்கள் கேட்கலாம். மேஜையைப் பற்றியே இருந்தால் நானும் விட்டிருப்பேன். அடக்கத்துக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். சிறு பிராயத்திலிருந்து அதை நாம் நெட்டுருப் போடுகிறோம். ஆனால் அடக்கம் ஒருவன் தான் கைக்கொள்ள வேண்டிய தர்மம். பிறரிடம் போய் வசூல் செய்யும் வரி அல்ல. நாமோ வீட்டிலேயே கொஞ்சம் இளைத்தவர் யாரென்று பார்த்து, அவரிடம் அந்த வரியை வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய கையோடு, 'எவ்வளவு தங்கமான மனுஷி!' என்று ரசீதும் கொடுத்துவிடுகிறோம்.

அத்தை சொன்ன வார்த்தையை யோசித்துப் பார்த்தேன். கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். மேஜை எனக்கு எப்படியும் கிடைத்திருக்கும். காரியத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் கேட்காமல் எடுத்ததால் அவளுடைய தானம் என்னுடைய திருட்டாகிவிட்டது. மேஜையோடு, கொடுக்கும் பெருமையையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு விட்டேன். எப்படியும் சம்மதிப்பாள் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில்தான் நாம் கேட்காமல் இருந்துவிடுகிறோம். மறுக்கக் கூடியவனிடம் எவ்வளவு பணிவாகக் கேட்கிறோம்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் வீட்டில் ஓர் உள்ளறை உண்டு. அங்கே என் எழுத்து மேஜை, தேக்கு மரத்தில், அசைக்க நான்கு பேர் வேண்டும். விருந்தினர் வந்த அந்த இரவிலும் அறைக் கதவு சாத்தியேதான் இருந்தது. அதைத் திறந்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுத்தாளன் அறை அல்லவா! வீட்டில் அதிகமாக இடம் வைத்திருந்தவன் நான், நகர்ந்தவள் அத்தை. அந்த அறைக்குள் உட்கார்ந்துதான், பேசாமல் ஒதுங்கிப் போகும் பெண்களைப் பற்றிக் கதைகள் எழுதிப் பெயர் வாங்கினேன். அவர்களுக்காகக் கண்ணீர் விட்டதாக வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் அந்தத் தேக்கு மேஜையில்தான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

சிறிய வீட்டில் யாராவது நகராமல் எப்படி முடியும் என்பது நியாயமான கேள்வி. முடியாதுதான். யார் முதலில் நகர்வது என்பதே விஷயம். பட்டறைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சின்ன மேஜையின் சாமர்த்தியத்தால் மட்டும் அது உள்ளே போய்விடவில்லை. பெரியது குறுக்குக் கம்பியை விட்டுக்கொடுத்து, தன் அடிப்பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால் போகிறது. பேரருவியிலும் பாறை தன்னில் ஒரு பள்ளத்தைக் கொடுத்து வெள்ளத்தை முதலில் தான் வாங்கிக்கொள்வதால்தான் கீழே குழந்தை குளிக்கிறது. இதைக் குழந்தைகளுக்கு உபதேசம் செய்த அந்த நேரத்தில்தான் அத்தை படியில் விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் காசிவிசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் பாதங்களை இப்போதே வணங்குவதாகக் கல்வெட்டில் சொல்லிவைத்திருக்கிறான். அவன் அரசன், 'காப்பாற்றுங்கள்' என்று ஆணையிட்டிருக்கலாம். இன்னும் பிறக்காதவர்களிடம் தலை தாழ்த்திக் கேட்டான். கோபுரம் பின்னால் சிதைந்துதான் போயிற்று. மறுபடி எழுப்பி 1990இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அரசன் கேட்டது வீண்போகவில்லை. அந்தக் கோபுர வாசலில் காற்று வாங்கியபடி நான் எத்தனை ஆயிரம் தடவை நின்றிருக்கிறேன்! ஒரு தம்ளர் வைக்கும் மேஜையைக் கேட்டு வாங்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷமும் ஆடி வந்தது, மைத்துனனும் வந்தான். உள்ளறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு நான் வாசல் திண்ணையில் படுத்தேன். மகிழ்ச்சியாகப் படுத்தேன் என்று எழுதினால் அது பொய். சாரல் முகத்தில் அடித்தது. இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. மூன்றாம் நாளே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஐம்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டிய அத்தைக்கு ஒருநாளாவது எரிச்சல் வந்திருக்காதா என்று அந்தத் திண்ணையில் படுத்துத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

ஒருநாள் இரவு தட்டுக்கு மேஜை போதவில்லை. அத்தையிடம் போய், "அத்தை, மேஜை வேணும்" என்றேன்.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வெற்றிலைப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு தகட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் மேஜையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"காலையிலே திருப்பிக் குடுத்திரணும்" என்றாள்.