அறை வாடகை யார் கணக்கில்?

ஒருவரை ஓர் அறையில் உட்காரவைத்து, 'வெளியே வரக் கூடாது' என்று சொல்லிவிட்டு, அறை வாடகையையும் அவரிடமே வாங்குவது நியாயமா?

2020 மே 24-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அப்படித்தான் விதி போட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 14 நாள் தனிமை. முதல் ஏழு நாள், அரசு சொல்லும் இடத்தில், சொந்தச் செலவில். சம்மதம் என்று எழுதிக்கொடுத்தால்தான் விமானம் ஏற முடியும். 'வந்தே பாரத்' விமானத்தை விட்டால் பெரும்பாலானவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

"சம்பாதிக்கத்தானே போனாங்க, கட்டட்டுமே! இங்கே இருக்கிறவன் வரிப்பணத்துல ஏன் கொடுக்கணும்?" என்றார், கோபாலபுரத்தில் எங்கள் தெரு நண்பர். லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த சித்தாளும் சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறாரே. இங்கிலாந்துகூட 2021 பிப்ரவரியில், பத்து நாள் ஹோட்டல் வாசத்துக்கு 1,750 பவுண்டு கறந்தது.

நான் படித்தது பி.காம். செலவை யார் பெயரில் எழுதுவது என்று குழப்பம் வந்தால், பயன் யாருக்கு என்று பார் என்பார்கள். அடைபட்டவருக்கு என்ன பயன்? நோய் இருந்தால் அது ஏற்கெனவே அவர் உடம்பில். தப்பித்தது, அவ்வை சண்முகம் சாலையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நாம்! நமக்காக அவர் ஏழு நாளைக் கொடுத்தாயிற்று. பணமுமா?

அந்தப் பணமும் எல்லாருக்கும் ஒரே கனம் இல்லை. நாளுக்கு 2,000 ரூபாய் என்று வையுங்கள், மொத்தம் 14,000. டாலஸிலிருந்து வரும் இன்ஜினீயருக்கு அது எரிச்சல். குவைத்தில் வேலை போய், சம்பள பாக்கியையும் விட்டுவிட்டு வரும் கொத்தனாருக்கு அது வட்டிக் கடன். கேரளத்தில் அதே மே மாதம் இந்தக் கட்டணத்தை அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், ஏழைகளிடம் வாங்க மாட்டோம் என்று இறங்கிவந்தார்கள். அந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்கலாம்.

இது புதுப் பிரச்னையும் இல்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நம் கூலிகளைச் சில நாள் நிறுத்திவைத்து, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். ஆரம்பத்தில் பயணச் செலவெல்லாம் கூலியின் தலையில் கடனாக ஏறியது. 1923-க்குப் பிறகு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள். கருணை ஒன்றும் பொங்கிவிடவில்லை. ஆள் வேண்டும், காலரா வேண்டாம், அவ்வளவுதான். முகாமில் அந்த மக்கள் பட்டது தனிக்கதை. ஆனாலும், அடைபட்டிருந்த நாட்களின் சாப்பாட்டுக் கணக்கை அவர்கள் பெயரில் எழுதவில்லை.