பேர் போட்டாயிற்றா?



மாலை வேளையில் கொழுந்து மடுவத்தருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? பசறையானாலும் ஹாலிஎலயானாலும் காட்சி ஒன்றுதான். கொழுந்து தராசில் ஏறுகிறது. கணக்கப்பிள்ளை செக்ரோலுக்குக் குறித்துக்கொள்கிறார். நிறுவை சரியென்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு நாள் உழைப்புக்கும் அதற்குரிய கூலிக்கும் நம் தோட்டத்து மக்கள் ‘பேர்’ என்றே சொல்லுகிறார்கள். “இன்றைக்குப் பேர் போட்டாயிற்றா?” என்று கேட்டுக்கொண்டேதான் பெண்கள் லயத்துக்குத் திரும்புகிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அதற்காக உங்களைச் சற்றுத் தொலைவுக்கு, 3,000 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்து நாட்டுக்கு, அழைத்துச் செல்ல வேண்டும்.

ஏறக்குறைய கி.மு. 1550 முதல் 1070 வரை எகிப்து ஒரு பேரரசாக விளங்கியது. மூன்றாம் துத்மோஸ் என்ற மன்னன் படைமேல் படை நடத்தி, தெற்கே நூபியா முதல் வடக்கே யூப்ரத்தீஸ் நதிவரை தன் கையை நீட்டினான். அவனுக்குப் பின் வந்த இரண்டாம் இராம்சேஸ் 66 ஆண்டுகள் ஆண்டான். அபு சிம்பல் என்ற இடத்தில் மலையைக் குடைந்து, 65 அடி உயரத்தில் தன் உருவத்தையே நான்கு முறை செதுக்க வைத்தான். இந்த மன்னர்கள் தங்கள் பெயரை ஒரு நீள்வட்டக் கோட்டுக்குள் பொறிப்பார்கள். பெயர் அழிந்தால் மறுவாழ்வும் அழியும் என்று அஞ்சினார்கள். ஆகவே கல்லை நம்பினார்கள்.

அந்தக் கல்லைக் குடைந்தவர்கள் யார்? மன்னர்களின் கல்லறைகளை அமைத்த தொழிலாளர், நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். இன்று அதன் பெயர் தேர் எல் மெதீனா. அவர்களுக்கும் ஒரு செக்ரோல் இருந்தது! இரண்டாம் இராம்சேசின் 40-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கற்பலகை ஒன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 40 தொழிலாளரின் பெயர்களும், அவர்கள் வேலைக்கு வராத நாட்களும், வராததன் காரணமும் அதில் உண்டு. ஒருவனுக்குத் தேள் கடித்தது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் உறவினரை அடக்கம் செய்யப் போனான். நம் தோட்டத்துச் செக்ரோலைப் புரட்டுவது போல இல்லையா?

அவர்களுக்குக் கூலி பணமாக அல்ல, தானியமாகவே கிடைத்தது. மூன்றாம் இராம்சேசின் 29-ஆம் ஆண்டில், ஏறக்குறைய கி.மு. 1155-ல், அந்தத் தானியம் வந்து சேரவில்லை. நாட்கள் கடந்தன. தொழிலாளர் வேலையை விட்டு எழுந்து, காவல் மதில்களைத் தாண்டிச் சென்று, துத்மோசின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமுமே எங்களை இங்கே கொண்டுவந்தன. துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை. இதை அரசனுக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத்து மூலம் நமக்குத் தெரிந்த முதல் வேலைநிறுத்தம் இதுவே. அதைக் கூறும் பாப்பிரசுச் சுருள், அர்ச். தொன் போஸ்கோ பணி செய்த தூரின் நகரின் நூதனசாலையில் உள்ளது.

இவர்கள் எபிரேய அடிமைகள் அல்லர். கூலி பெற்ற கைவினைஞர். ஆயினும் யாத்திராகமத்தில் நாம் வாசிக்கும் கூக்குரலும் அதே நாட்டில் எழுந்ததுதான். அந்த நூலில் ஒன்றைக் கவனித்தீர்களா? எபிரேயரை ஒடுக்கிய பாரவோனின் பெயர் என்ன? வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் ஆண் குழந்தைகளைக் கொல்ல மறுத்த ஏழை மருத்துவச்சிகள் இருவரின் பெயரைச் சொல்லுகிறது: சிப்ரா, பூவா. மலை உயரத்தில் தன் பெயரைச் செதுக்கியவர்களை விட்டுவிட்டு, பிள்ளையைக் காப்பாற்றிய பெண்களின் பெயரைக் குறித்து வைத்தார் ஆண்டவர். அவருடைய செக்ரோல் வேறு!

நம் மக்களுக்கு இந்தச் சரித்திரம் அந்நியமல்ல. 1940-ல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்கென ஒரு மன்றத்தைத் தெரிந்தெடுத்தார்கள். துரையும் அதனோடு கலந்து பேச இணங்க வேண்டியிருந்தது. பிறகு 1948-ன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1947-ல் வாக்களித்த இலட்சக்கணக்கான மக்களின் பெயர்கள் 1952-ல் வாக்காளர் இடாப்பில் இல்லை. செக்ரோலில் பேர் உண்டு. நாட்டின் ஏட்டில் பேர் இல்லை. எஞ்சியிருந்தோருக்கு வழி செய்த சட்டம் 2003-ல்தான் வந்தது.

பாரவோனையும் துரையையும் பற்றிப் பேசுவது எளிது. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ஒருமுறை பட்டணத்தில் ஒரு நல்ல கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். பதினான்கு வயது இருக்கும், ஒரு பிள்ளை தேநீர்த் தட்டோடு வந்தாள். “இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?” என்று கேட்டேன். வீட்டம்மா சற்றுத் தயங்கி, “பெட்டை என்றுதான் கூப்பிடுறது, சாமி. தோட்டத்துப் பிள்ளை” என்றார். பிள்ளை தலை கவிழ்ந்தபடி, கேட்டும் கேளாத குரலில் தன் பெயரைச் சொன்னாள். அது ஒரு புனிதையின் பெயர். நம் திருச்சபை அவளுக்கு ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயர். அன்று நான் அந்த வீட்டாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம் அல்லவா? அவளுடைய கூலி யார் கையில், எந்த நாளில் சேருகிறது? வேலை முடித்த மேசனையும், துணி தைத்தவரையும், மரக்கறிக்காரியையும் “நாளைக்கு வா” என்று எத்தனை முறை அனுப்புகிறோம்? பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர் பெயர் சொல்லி அழைப்பவர்களை நாம் பெயரில்லாமல் அழைத்துவிட்டு, திவ்விய நன்மை வாங்க எப்படி முன்வருவோம்?

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்காக உழைக்கிறவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்துப் பெயர் சொல்லி மன்றாடுங்கள். பெயர் தெரியாவிட்டால், நாளைக் காலையில் கேட்டு அறியுங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால், பொழுது சாயுமுன் கொடுத்துவிடுங்கள்.

மன்னர்கள் தங்கள் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். ஆண்டவரோ நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்திருப்பதாக இசையாஸ் தீர்க்கதரிசி கூறுகிறார். கொழுந்து பறித்துக் கறை பிடித்த கைகளின் அருமை அந்தக் கைக்குத் தெரியும். நம் வாழ்நாளின் மாலையில் அவர் நம்மிடமும் கேட்பார்: உனக்காக உழைத்தவர்களுக்குப் பேர் போட்டாயிற்றா?